முதலில் விரித்து வையுங்கள்: சுயபலத்தில் சாயாமல் ஜெபிக்கப் பழகுவது எப்படி?

ஜெபிக்க ஆரம்பித்து ஓரிரு மாதம் ஆனவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "ஆண்டவரைச் சார்ந்திருங்கள் என்கிறீர்களே, அப்போ நான் என்ன செய்யணும்? வேலை தேடாமல் சும்மா இருக்கவா? மாத்திரையை நிறுத்திவிடவா?" நியாயமான கேள்விதான். "உன் பெலத்தை நம்பாதே" என்று ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் கேட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறோம். திங்கட்கிழமை காலையில் அதை எப்படி நடைமுறைப்படுத்துவது என்று பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை. அதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆண்டவரைச் சார்ந்திருப்பவர் திறமையைத் தூக்கிப் போடவேண்டியதில்லை. எதை முதலில் செய்கிறோம், மனம் எதன்மேல் சாய்ந்திருக்கிறது என்பதைத்தான் பார்க்கவேண்டும். அலைந்து பார்த்து, ஆள் பிடித்துப் பார்த்து, கடன் கேட்டுப் பார்த்து, எதுவும் கைகூடாத பிறகு "இனி ஆண்டவர்தான்" என்று முழங்கால் போடுவது நம்மில் பலருக்குப் பழக்கம். அந்த வரிசையை மாற்றவேண்டும். கேட்கச் சின்ன விஷயமாகத் தெரியும். பழக நாளாகும்.

எசேக்கியா ராஜா செய்தது

எனக்குத் தெரிந்து வேதாகமத்தில் இதற்கு மிகத் தெளிவான பாடம், எருசலேமிலிருந்து யூதா தேசத்தை ஆண்ட எசேக்கியா ராஜாவின் வாழ்க்கையில் இருக்கிறது. 2 இராஜாக்கள் 18, 19 அதிகாரங்களை இன்று ராத்திரியே ஒருமுறை வாசித்துவிடுங்கள். அரைமணி நேரம்கூட ஆகாது.

கி.மு. 701. அசீரிய ராஜா சனகெரிப் யூதாவின் அரணான பட்டணங்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு வருகிறான். லாகீசு பட்டணத்தை அவன் முற்றுகையிட்டதைக் கல்லில் செதுக்கி, நினிவேயில் தன் அரண்மனைச் சுவரில் பதித்து வைத்தான். அந்தக் கற்பலகைகள் இன்றும் லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. இப்படிப்பட்டவன் வாசலுக்கு வந்தபோது எசேக்கியா முதலில் நம்பியது பணத்தை. சனகெரிப் கேட்டது 300 தாலந்து வெள்ளியும் 30 தாலந்து பொன்னும் (தாலந்து என்பது அந்தக் காலத்து எடை அளவு). ஆலயத்திலும் அரண்மனைப் பொக்கிஷத்திலும் இருந்த வெள்ளியெல்லாம் போனது. தானே முன்பு ஆலயக் கதவுகளுக்கு அடித்திருந்த பொன்தகட்டையும் எசேக்கியா உரித்துக் கொடுத்தார்.

வாங்கிக்கொண்ட சனகெரிப் படையைத் திருப்பி அனுப்பவில்லை. தன் அதிகாரியான ரப்சாக்கேயை எருசலேமுக்கு அனுப்பினான். அவன் மதில்மேல் இருந்த ஜனங்களுக்குப் புரியட்டும் என்று அவர்களுடைய பாஷையிலேயே சத்தமாக ஏளனம் பண்ணினான். எகிப்தையா நம்புகிறாய்? அது நெரிந்த நாணற்கோல், அதில் ஊன்றினால் கையில்தான் குத்தும். 2,000 குதிரை தருகிறேன், ஏறி உட்கார உன்னிடம் ஆள் இருக்கிறதா? இந்தப் பேச்சில் வலிக்கிற விஷயம், அதில் பெரும்பகுதி உண்மை என்பதுதான். எகிப்து உதவாது. குதிரைவீரர்கள் கிடையாது. பொன்னும் தீர்ந்துவிட்டது.

பிறகு சனகெரிப்பிடமிருந்து ஒரு மிரட்டல் கடிதம் வருகிறது. எசேக்கியா அதைத் தூதர்கள் கையிலிருந்து வாங்கி வாசிக்கிறார். ஆலயத்துக்குப் போகிறார். கர்த்தருக்கு முன்பாக அதை விரித்து வைக்கிறார். ஜெபத்தில், அசீரிய ராஜாக்கள் மற்ற தேசங்களையெல்லாம் நாசமாக்கியது மெய்தான் என்று ஒத்துக்கொள்கிறார். எதிரியின் பலத்தைக் குறைத்துப் பேசவில்லை. தன் பலத்தைக் கூட்டியும் பேசவில்லை. எங்களை இரட்சியும் என்று கேட்கிறார், அவ்வளவுதான். முடிவு உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்: சனகெரிப் எருசலேமைப் பிடிக்காமலேயே நினிவேக்குத் திரும்பினான். எசேக்கியாவைக் கூண்டுப் பறவையைப்போல அடைத்துவைத்ததாக அவனே தன் கல்வெட்டில் பெருமை அடித்திருக்கிறான். ஆனால் நகரத்தைப் பிடித்ததாக அதில் ஒரு வரியும் இல்லை.

புதிதாக ஜெபிக்கத் தொடங்குகிறவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ளவேண்டியது அந்த விரித்து வைத்தலைத்தான்.

இடமும் நேரமும்

இதில் அதிகம் யோசிக்க வேண்டாம். காலையில் 15 நிமிடம். போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள். அலாரத்துக்காக வேண்டுமென்றால் பழைய கடிகாரம் ஒன்று போதும். ஒரே அறை வீடாக இருந்தால் மொட்டை மாடி, வாசற்படி, ஆபீசுக்குப் பத்து நிமிடம் முன்னால் போய் நிறுத்திய வண்டி, எதுவானாலும் சரி. கைக்குழந்தை இருக்கிற அம்மாக்கள் குழந்தை தூங்கும் நேரத்தை எடுத்துக்கொள்ளலாம். காலை ஐந்து மணிக்கு எழுந்தால்தான் ஜெபம் கேட்கப்படும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. மாற்கு 1:35-ல் இயேசு அதிகாலையில், இருட்டோடே எழுந்து ஜெபிக்கப் போகிறார் என்பது உண்மை. முந்தின நாள் சாயங்காலம் ஊரே வாசலில் கூடியிருந்தது. தனிமைக்கு வேறு நேரம் அவருக்கு இருந்திருக்காது. உங்களுக்குத் தனிமை எப்போது கிடைக்கிறதோ அப்போது உட்காருங்கள்.

காகிதத்தை எடுத்து வையுங்கள்

இப்போது உங்கள் மனதை அழுத்துகிற ஒரு விஷயத்தை மட்டும் தேர்ந்தெடுங்கள். அதற்கு ஒரு காகிதம் இருந்தால் அதையே முன்னால் வையுங்கள். ஸ்கேன் ரிப்போர்ட், பேங்க் நோட்டீஸ், பிள்ளையின் மார்க் ஷீட், காலேஜ் விண்ணப்பம், எதுவானாலும். காகிதம் இல்லையென்றால் ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதி, அந்தப் பக்கத்தைத் திறந்து வையுங்கள். ஆண்டவருக்குத் தெரியாததைத் தெரிவிக்க இதைச் செய்யவில்லை. கண்முன்னே அது இருக்கும்போது நம் ஜெபம் சுற்றி வளைக்காது. "எல்லோரையும் ஆசீர்வதியும்" என்று சொல்லிவிட்டு எழுந்துபோக முடியாது.

அடுத்து, பேசுங்கள். இங்கேதான் சபைக்குப் புதிதாக வந்தவர்கள் தயங்குகிறார்கள். மூப்பர் ஐயா ஜெபிக்கும்போது "கிருபையும் இரக்கமும் நிறைந்த பரம தகப்பனே" என்று ஆரம்பித்து மூச்சுவிடாமல் போகிறார். எனக்கு அப்படி வராதே என்று நினைக்கிறார்கள். அவருக்கு அது பல வருடப் பழக்கத்தில் வந்த மொழி, அவர் வாயில் அது உண்மையாகவே இருக்கலாம். உங்களுக்கு உங்கள் வீட்டுத் தமிழ் போதும். வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். இப்படிச் சொல்லலாம்:

"ஆண்டவரே, இது வீட்டுக்காரர் அனுப்பின மெசேஜ். அடுத்த மாசத்துக்குள்ள காலி பண்ணச் சொல்றார். அட்வான்ஸ் முழுசா திரும்பக் கிடைக்குமான்னு தெரியல. பையனுக்குப் பரீட்சை நேரம். எனக்குப் பயமா இருக்கு. அண்ணன்கிட்ட கேட்கலாம்னு நினைச்சேன், ஆனா போன தடவை அவர் சொன்ன வார்த்தை இன்னும் உறுத்துது. எந்தப் பக்கம் போறதுன்னு எனக்குத் தெரியல. உம்மைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன்."

கடைசி இரண்டு வாக்கியங்களைக் கவனித்தீர்களா? 2 நாளாகமம் 20:12-ல் யோசபாத் ராஜா மூன்று தேசத்துப் படைகள் திரண்டு வந்தபோது செய்த ஜெபமும் அதேதான். நாங்கள் செய்யவேண்டியது இன்னதென்று எங்களுக்குத் தெரியவில்லை, எங்கள் கண்கள் உம்மையே நோக்கிக்கொண்டிருக்கிறது என்றார். யூதா ஜனங்கள் எல்லோரும், மனைவி பிள்ளைகளோடு, சுற்றி நிற்கும்போது ஒரு ராஜா "எனக்குத் தெரியவில்லை" என்று வாய்விட்டுச் சொன்னார். வேறொன்றும் வராத நாளில் இந்த ஒரு வசனத்தை மட்டும் சொல்லிவிட்டு எழுந்திருங்கள். அதுவும் முழு ஜெபம்தான்.

எதில் சாய்ந்திருக்கிறீர்கள் என்று பெயர் சொல்லுங்கள்

இது கொஞ்சம் கஷ்டமான பகுதி. எனக்கு மிக முக்கியமாகப் படுவதும் இதுதான்.

பிரச்சினையைச் சொன்ன பிறகு, அதைச் சமாளிக்க மனதுக்குள் என்னென்ன கணக்கு போட்டு வைத்திருக்கிறீர்கள் என்பதையும் ஆண்டவரிடம் சொல்லுங்கள். பி.எஃப். பணம். மாமாவுக்குத் தெரிந்த அந்த அதிகாரி. "எப்படியாவது பேசிச் சமாளித்துவிடுவேன்" என்கிற தைரியம். சிலருக்கு அது படிப்பு, சிலருக்கு உடம்பு. இவை எல்லாமே அவர் கொடுத்தவைதான், அதற்காக ஸ்தோத்திரம் சொல்லலாம். ஆனால் நாளைக்கே அது கைவிட்டுப் போனால் மனம் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அங்கே ஒரு நடுக்கம் தெரிந்தால், நீங்கள் சாய்ந்திருக்கும் கோல் அதுதான். "ஆண்டவரே, நான் உண்மையில் இந்தப் பணத்தை நம்பித்தான் தூங்குகிறேன்" என்று சொல்லிவிடுங்கள். சொன்னவுடன் நம்பிக்கை இடம் மாறிவிடாது. ஆனால் தினமும் சொல்லச் சொல்ல, பிடி மெதுவாகத் தளர்வதை நீங்களே பார்ப்பீர்கள்.

"உன் சுயபுத்தியின்மேல் சாயாமல்" என்று நீதிமொழிகள் 3:5 சொல்கிறது. புத்தியைப் பயன்படுத்தாதே என்று அங்கே சொல்லவில்லை. அதே புத்தகம்தான் அதிகாரத்துக்கு அதிகாரம் ஞானத்தைத் தேடு, புத்தியைச் சம்பாதி என்கிறது.

எழுந்து வேலையைப் பாருங்கள்

ஜெபித்தாயிற்று, இனி உழைக்கவேண்டாம் என்று வேதாகமத்தில் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் எனக்குத் தென்படவில்லை. எசேக்கியாவே நல்ல சாட்சி. முற்றுகை வந்தால் நகரத்துக்குத் தண்ணீர் வேண்டுமே என்று கீகோன் ஊற்றிலிருந்து பாறையைக் குடைந்து சுரங்கம் வெட்டினார். நீளம் சுமார் 533 மீட்டர். இரண்டு முனையிலிருந்தும் வெட்டிக்கொண்டு வந்த ஆட்கள் நடுவில் சந்தித்ததை எழுதிவைத்த கல்வெட்டு 1880-ல் கிடைத்தது. எருசலேமுக்குப் போகிறவர்கள் இன்றும் அந்தச் சுரங்கத்தில் தண்ணீருக்குள் நடந்து போகலாம்.

ஆனால் ஏசாயா 22:11-ஐயும் சேர்த்து வாசியுங்கள். அரண்களைக் கட்டினீர்கள், தண்ணீரைத் தேக்கினீர்கள், ஆனால் இதையெல்லாம் செய்தவரை நோக்கிப் பார்க்கவில்லையே என்று தீர்க்கதரிசி எருசலேமைக் கடிந்துகொள்கிறார். தண்ணீரைத் தேக்கியதைக் குற்றமாகச் சொல்லவில்லை. தேக்கிய கையோடு கண் மேலே போகவில்லை, அதுதான் குற்றம்.

மருந்து விஷயத்தில் சந்தேகப்படுகிறவர்கள் 2 இராஜாக்கள் 20-ஆம் அதிகாரத்தைப் பார்க்கலாம். எசேக்கியா மரணத்துக்கு ஏதுவாக வியாதிப்பட்டு, சுவர்ப்புறமாகத் திரும்பி அழுது ஜெபித்தார். ஜெபம் கேட்கப்பட்டது. உடனே ஏசாயா சொன்னது: அத்திப்பழத்து அடையைக் கொண்டுவாருங்கள். அதைப் பிளவையின்மேல் போட்டார்கள், அவர் பிழைத்தார். குணமாக்குவேன் என்று வாக்குக் கொடுத்தவரே பற்றுப் போடவும் வைத்தார். ஆகவே சர்க்கரை மாத்திரையையோ பிரஷர் மாத்திரையையோ விசுவாசத்தின் பெயரால் யாரும் நிறுத்தவேண்டாம். நிறுத்தச் சொல்வது யாராக இருந்தாலும் கேட்கவேண்டாம். மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு "இது வேலை செய்வதும் உம்மால்தான்" என்று சொல்லி விழுங்குங்கள்.

படிக்கிற பிள்ளைகளுக்கும் இதையே சொல்வேன். புத்தகத்தைத் திறக்குமுன் ஜெபியுங்கள். அப்புறம் நன்றாகப் படியுங்கள். படிக்காத பாடத்துக்காக ஹாலில் உட்கார்ந்து ஜெபிப்பதை நான் தடுக்கமாட்டேன். ஆனால் சார்ந்திருப்பது என்பது பாடத்தைத் திறக்கிற நேரத்திலேயே தொடங்கவேண்டியது.

நடுவில் வரும் அரை நிமிடம்

காலை ஜெபத்தை விதை நெல் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். பகல் முழுக்க அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவவேண்டும். நெகேமியா இதில் கைதேர்ந்தவர். பெர்சிய ராஜா அர்தசஷ்டாவுக்குப் பானபாத்திரக்காரராக இருந்தவர், எருசலேமின் மதில் இடிந்து கிடக்கும் செய்தி கேட்டு, யூத நாட்காட்டியின் கிஸ்லேவு மாதத்திலிருந்து நிசான் மாதம்வரை சுமார் நான்கு மாதம் உபவாசத்தோடு ஜெபித்தார். ஒருநாள் ராஜா திடீரென்று "நீ கேட்கிற காரியம் என்ன?" என்கிறார். கேள்விக்கும் பதிலுக்கும் இடையில் நெகேமியா பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபித்தார் என்று 2:4 சொல்கிறது. கண்ணை மூடியிருக்க வாய்ப்பில்லை. ராஜா முன்னால் நின்றுகொண்டே, மனதுக்குள், ஒரு மூச்சு நேரம். பிறகு வாயைத் திறந்து மரம் வேண்டும், கடிதங்கள் வேண்டும் என்று தெளிவாகப் பட்டியல் சொன்னார். நான்கு மாதம் விரித்து வைத்தவருக்கு அரை நொடி போதுமாயிருந்தது.

நீங்களும் இதற்கு மூன்று இடங்களைக் குறித்துக்கொள்ளலாம். கோபத்தில் வாட்ஸ்அப்பில் பதில் அனுப்புமுன். மேலாளர் அறைக் கதவைத் தள்ளுமுன். வீட்டுக்குள் நுழையச் செருப்பைக் கழற்றும்போது. "ஆண்டவரே, எனக்குத் தெரியாது, நீர் நடத்தும்" என்றால் போதும்.

நன்றாகத் தெரிந்த வேலைக்கு முன்னால்

தெரியாத இடத்தில் யாரும் ஜெபிப்பார்கள். நம் கை தேர்ந்த இடத்தில்தான் ஜெபம் நின்றுபோகிறது. யோசுவாவின் தலைமையில் இஸ்ரவேலர் எரிகோ பட்டணத்தைப் பிடித்த பிறகு, ஆயி சின்ன ஊர்தானே, எல்லா ஜனமும் போகவேண்டியதில்லை என்று 3,000 பேரை அனுப்பினார்கள். 36 பேரை இழந்து ஓடிவந்தார்கள். எரிகோவில் தொடக்கூடாது என்றிருந்த பொருட்களை அவர்களில் ஒருவனான ஆகான் திருடியதுதான் அந்தத் தோல்விக்குக் காரணம் என்று வேதம் சொல்கிறது. ஆனால் போகுமுன் கர்த்தரிடம் கேட்டதாக எங்கும் இல்லை.

அதைவிட நுணுக்கமானது யோசுவா 9. கிபியோன் ஊரார் பக்கத்து ஊர்க்காரர்கள்தான். தூரதேசத்திலிருந்து வந்ததுபோல வேஷம் போட்டார்கள். பழைய கோணிப்பைகள், கிழிந்து ஒட்டுப்போட்ட திராட்சரசத் துருத்திகள், தேய்ந்து பழுதுபார்த்த செருப்புகள், காய்ந்து பூசணம் பிடித்த அப்பம். இஸ்ரவேலின் தலைவர்கள் அசட்டையாக இருக்கவில்லை. அந்த அப்பத்தை வாங்கிப் பார்த்தார்கள். ஆதாரத்தைச் சோதித்து முடிவெடுக்கிற அனுபவசாலிகள் செய்வதைச் செய்தார்கள். கர்த்தருடைய வாக்கை மட்டும் கேட்கவில்லை. மூன்றாம் நாளே, இவர்கள் நம் நடுவில் குடியிருப்பவர்கள் என்று தெரிந்துபோனது. உடன்படிக்கையோ ஆணையிட்டுச் செய்தாகிவிட்டது.

இருபது வருடம் சமையல் செய்த கை, நூறு தடவை நடத்திய வகுப்பு, கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடிய கணக்கு, இவற்றுக்கு முன்னால் ஒரு வார்த்தை ஜெபியுங்கள். இதைப் பழகாதவர் ஆபத்தில் மட்டும் ஆண்டவரைத் தேடுகிறவராகவே இருந்துவிடுவார். நான் பார்த்தவரை, ஜெபத்தில் வேர்பிடித்தவர்கள் எல்லோருமே தங்களுக்கு நன்றாகத் தெரிந்ததைத்தான் அதிகமாக ஜெபித்துச் செய்கிறார்கள்.

நோட்டும் காத்திருப்பும்

இடது பக்கம் தேதியும் விண்ணப்பமும், வலது பக்கம் காலியாக விட்டு, பதில் வரும்போது தேதியோடு எழுதுங்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் அநாதைப் பிள்ளைகள் இல்லம் நடத்திய ஜார்ஜ் முல்லர் விண்ணப்பங்களையும் பதில்களையும் இப்படித்தான் பல ஆண்டுகள் குறித்து வைத்தார். 1836-ல் ஒரு வாடகை வீட்டில் ஆரம்பித்து, பிறகு ஆஷ்லி டவுன் மேட்டில் ஐந்து பெரிய கட்டடங்கள், ஒரே சமயத்தில் சுமார் 2,000 பிள்ளைகள் வரை தங்க இடம். எந்த மனிதரிடமும் பணம் கேட்பதில்லை, ஆண்டவரிடம் மட்டுமே கேட்பது என்று வைத்திருந்தார். அதே மனிதர் வரவுசெலவுக் கணக்கை வருடாவருடம் அச்சிட்டு வெளியிட்டார். கணக்கு எழுதுவதும் விசுவாசமும் அவரிடம் ஒன்றையொன்று இடிக்கவில்லை.

வலது பக்கம் நீண்டநாள் காலியாகவே இருக்கும் விண்ணப்பங்களும் உண்டு. பவுல் தன் மாம்சத்திலிருந்த முள் நீங்கும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்டார். "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் வந்தது, முள் போகவில்லை. திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு அம்மாவாக இருந்த ஏமி கார்மைக்கேல் 1931-ல் கீழே விழுந்து அடிபட்டு, 1951-ல் இறக்கும்வரை பெரும்பாலும் தன் அறைக்குள்ளேயே இருக்கவேண்டியதாயிற்று. அந்த அறையிலிருந்தே பல புத்தகங்கள் எழுதினார். ஆகவே பதில் வராவிட்டால் "என் விசுவாசம் பத்தவில்லை" என்று உடனே உங்களை நீங்களே குத்திக்கொள்ளாதீர்கள். அந்தக் காலிப் பக்கத்தையும் விரித்து வையுங்கள். "இன்னும் வரவில்லை ஆண்டவரே" என்று சொல்வது அவிசுவாசம் ஆகாது. சங்கீதப் புத்தகத்தில் அப்படிப்பட்ட ஜெபங்கள் நிறையவே உண்டு. 13-ஆம் சங்கீதம் "எதுவரைக்கும்" என்றுதான் ஆரம்பிக்கிறது.

கூட ஒருவர்

எசேக்கியா தனியாகவே ஜெபிக்கவில்லை. ரப்சாக்கேயின் வார்த்தைகளைக் கேட்டதும், தன் அதிகாரிகளைத் துக்கத்துக்கு அடையாளமான இரட்டு (சாக்குத்துணி) உடுத்தவைத்து, ஏசாயா தீர்க்கதரிசியிடம் அனுப்பி, ஜெபிக்கும்படி கேட்டார். உங்களுக்கும் ஒருவர் வேண்டும். உங்கள் சபை அக்காவோ, அண்ணனோ, பக்கத்துத் தெரு அத்தையோ. சொன்னதை வெளியில் சொல்லாதவராக இருக்கவேண்டும். அறிவுரை கொடுக்குமுன் ஜெபிக்கிறவராக இருந்தால் இன்னும் நல்லது. வாரம் ஒருதரம் பத்து நிமிடம் போனில் பேசி ஜெபித்தால்கூட போதும்.

ஜெபத்துக்குக் காணிக்கை இவ்வளவு என்று தொகை சொல்கிறவரிடம் போகாதீர்கள். உங்கள் பிரச்சினையை மேடையில் சொல்லச் சொல்லி வற்புறுத்துகிறவரிடமும் போகாதீர்கள். நீங்கள் ஆண்டவரைச் சார்ந்திருக்கவேண்டும் என்று விரும்புகிறவர், தன்னைச் சார்ந்திருக்கும்படி உங்களைப் பழக்கமாட்டார்.

நடுவில் நாலு நாள் ஜெபிக்காமல் விட்டுப்போகும். எல்லோருக்கும் போகும். விட்ட நாட்களுக்குச் சேர்த்து ஒரு மணி நேரம் ஜெபிக்கவேண்டும் என்று உட்கார்ந்தால் அதற்குப் பயந்தே இன்னும் நாலு நாள் தள்ளிப்போகும். ஐந்தாம் நாள் நோட்டைத் திறந்து, அன்றைய தேதியைப் போட்டு, அன்றைக்கு இருக்கும் ஒரே ஒரு விஷயத்தை எழுதுங்கள்.